சுமை தூக்கும் முன் விழுங்கும் மாத்திரை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிற அண்ணன்மார்களுக்கும், ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவில் துவைக்கிற, தேய்க்கிற அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், வாத்துருத்தியிலிருந்து தோப்பும்படி பாலம் கடந்து தினக்கூலிக்கு வருகிற தம்பிமார்களுக்கும்,

இந்த வட்டாரத்தில் மருந்துக்கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு, முதுகு வலி என்று நீங்கள் வந்து கேட்கிற மாத்திரைகளைப் பற்றி உங்களிடம் விளக்கமாகப் பேச வேண்டும். கடையில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பின்னால் ஆள் நிற்கிறார், உங்களுக்கு லாரி காத்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கேட்டுக்கொள்வது ஒன்றுதான். காலையில் டீயோடு பிடிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுமைக்குப் போகாதீர்கள். வலி வந்த பிறகு இரண்டு நாள் போட்டுக்கொள்வது வேறு. வலி வரக் கூடாதென்று வேலைக்கு முன்பே போடுவது வேறு. இந்த இரண்டாவது பழக்கம் இப்போது நம்மிடம் பெருகியிருக்கிறது. ஒருவர் போடுவதைப் பார்த்து அடுத்தவர் போடுகிறார். ‘நான் போடுகிற அதே மாத்திரையை இவனுக்கும் குடுங்க’ என்று கடைக்கே கூட்டி வருகிறீர்கள். தோழனுக்கு உதவி செய்கிற மனது அது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அப்படிக் கூட்டி வரமாட்டீர்கள்.

முதலில் பிடிப்பைப் பற்றி. குனிந்த வாக்கில் மூட்டையை வெட்டி இழுக்கும்போது முதுகெலும்பை ஒட்டிய தசையிலோ, தசைநாரிலோ, எலும்புக்கு இடையிலுள்ள வட்டிலோ காயம்படுகிறது. அந்த வலிச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கிருந்து சுற்றியுள்ள தசைகளுக்கு ‘இறுகு’ என்று உத்தரவு திரும்பி வருகிறது. நீங்கள் பிழிந்து முறுக்கிய படுக்கை விரிப்பைப் போலத் தசை கெட்டியாகிவிடுகிறது. காயம்பட்ட இடம் மேலும் அசையாமல் இருக்க உடம்பு தானே போட்டுக்கொள்கிற கட்டு அது. இறுக்கம் நீடித்தால் அந்தத் தசையே வலிக்க ஆரம்பிக்கும். வலி கூடினால் இறுக்கமும் கூடும்.

மாத்திரை இடுப்புக்குப் போய்த் தசையைப் பிசைந்து விடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். இல்லை. நாம் கடையில் விற்கிற பிடிப்பு மாத்திரைகள் ஏறக்குறைய எல்லாமே வேலை செய்கிற இடம் தண்டுவடமும் மூளையும்தான். உத்தரவு புறப்படுகிற இடத்தில் அதன் வேகத்தைக் குறைக்கின்றன. இடுப்பு வலிக்கு என்று விழுங்கினாலும் அது தலைக்கும் போகிறது. தூக்கம், தலைசுற்றல், கண் மங்குவது, கால் தள்ளாடுவது எல்லாம் இதனால் வருகிறவை.

தசையையே நேரடியாகத் தளர்த்துகிற மருந்துகளும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருப்பவை. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே என்ற விஷத்திலிருந்து தொடங்கிய வரிசை அது. 1942 ஜனவரியில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற மயக்க மருத்துவர் அதை அறுவை சிகிச்சையில் பயன்படுத்திக் காட்டினார். நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தையே அது அடைத்துவிடும். மூச்சுவிடும் தசையும் நின்றுபோகும் என்பதால் அதைக் கொடுத்ததும் மருத்துவர்தான் கருவி வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். கடை மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘மஸில் ரிலாக்ஸன்ட்’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் சொல்வதால் சிலருக்குப் பயம் வருகிறது, அதற்காகவே இதைச் சொன்னேன்.

கடை மாத்திரைகளின் வரலாறு வேறு மாதிரியானது. ஃபிராங்க் பெர்கர் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் பென்சிலின் கெடாமல் காக்க ஒரு வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். சோதனையில் அதைக் கொடுத்த சிறு விலங்குகள் விழித்திருந்தபடியே உடல் தளர்ந்து, சாந்தமாகிக் கிடந்தன. 1946இல் அதைப் பற்றி எழுதினார். மெஃபனசின் என்ற அந்தப் பொருள்தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. பிறகு அமெரிக்கா போன பெர்கர் அதே வழியில் தேடி மெப்ரோபமேட் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கண்டுபிடித்தார். 1955இல் சந்தைக்கு வந்து அமெரிக்காவையே ஆட்டிவைத்த மருந்து அது. தசை தளர்த்துகிற மாத்திரைகளில் சிலவும் மனதை மந்தமாக்குகிற மாத்திரையும் ஒரே வேரில் வந்தவை. தூக்கம் வராத பிடிப்பு மாத்திரை கொடுங்கள் என்று கேட்கிறீர்களே, அது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. சில மருந்தில் தூக்கம் குறைவு, சிலதில் அதிகம். உங்கள் உடம்பில் எது எப்படி என்பது போட்ட பிறகுதான் தெரியும்.

இப்போது காலை வேளையை நினைத்துப் பாருங்கள். லாரியின் பின்பலகைக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவே குறுக்கே போட்ட பலகை. தலையில் அரிசியோ வெங்காயமோ சுக்கோ. ஒரு கால் வைக்கத் தாமதமானால் கீழே கல் தளம். தோபிக்கானாவில் என்றால் பாசி பிடித்த ஈரத் தரை, கையில் சிரட்டைக் கரி போட்ட கனமான இஸ்திரிப் பெட்டி. கவனம் கொஞ்சமும் பிசகக் கூடாத வேலை உங்களுடையது. அந்த நேரத்தில் கவனத்தை மந்தப்படுத்துகிற ஒன்றை விழுங்குகிறீர்கள். அதோடு சேர்ந்த வலிமாத்திரை, காயத்தின் எச்சரிக்கையையும் அமுக்கி வைக்கிறது. வலி தெரியாததால் இன்னும் பத்து நடை கூடப் போகிறீர்கள். காயம் ஆறவில்லை, சத்தம் மட்டும்தான் அடங்கியிருக்கிறது.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் எம்.ஆர். என்றோ டி.எச். என்றோ எழுத்து இருந்தால் பெரும்பாலும் வலிமாத்திரையோடு தசை தளர்த்தியும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து இருக்கும். அவை என்னென்ன என்று பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். அதில் அடிக்கடி வருகிறவற்றைச் சொல்கிறேன்.

தயோகால்சிகோசைடு. உங்களில் திண்டுக்கல், தாராபுரம் பக்கத்துக்காரர்கள் இருக்கிறீர்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர்க் காடுகளில் கம்பிப் பந்தலில் கொடியேற்றி வளர்க்கிற கண்வலிக்கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த விதையிலுள்ள பொருளிலிருந்துதான் இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். சொந்த ஊர்க் காட்டில் விளைந்தது, எங்கெங்கோ சுற்றி, மட்டாஞ்சேரியில் உங்கள் கைக்கு மாத்திரையாக வருகிறது. இங்கே ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்: கிழங்கையோ விதையையோ அரைத்து வலிக்குச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள கால்சிசின் கொடிய விஷம், கொஞ்சமே உயிரைக் குடிக்கும். ஆலையில் மாற்றப்பட்ட மருந்து வேறு, கிழங்கு வேறு.

அந்த மருந்துக்கும் எல்லை உண்டு. இது உடம்புக்குள் போய் மாறி உண்டாகிற ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பிசகச் செய்யலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்தது. அதனால் 2013 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு போட்டது. வாய்வழி என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 8 மில்லிகிராமுக்கு மேல் இல்லை, தொடர்ந்து 7 நாளுக்கு மேல் இல்லை. 16 வயதுக்குக் கீழே இல்லை. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும், கருத்தடை செய்துகொள்ளாத, பிள்ளை உண்டாக வாய்ப்புள்ள பெண்களுக்கும் இல்லை. நீண்டகால வலிக்கு இது கூடாது என்றும் சொன்னது. அக்காமார்களே, வீட்டுக்காரர் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொள்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. இந்த மாத்திரையை அப்படிப் போடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது.

டிசானிடின். இது தண்டுவடத்தில் உத்தரவுச் செய்தியைக் குறைப்பதோடு இரத்த அழுத்தத்தையும் இறக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். வாய் வறளும். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு இந்த இறக்கம் இரட்டிப்பாகும். இன்னொன்று எனக்கு மிகவும் கவலை தருவது. மூத்திரக் கடுப்புக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தருவார்கள். அது, ஈரல் டிசானிடினை உடைத்து வெளியேற்றுகிற வழியை அடைத்துவிடும். அதனால் இரத்தத்தில் டிசானிடின் அளவு பத்து மடங்கு வரை ஏறும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆள் எழுந்திருக்க முடியாமல் விழுந்துவிடுவார். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. இரண்டு வெவ்வேறு டாக்டர், இரண்டு வெவ்வேறு கடை என்றால் இது யாருக்கும் தெரியாமல் போகும். அதனால் எங்கே போனாலும், ஏற்கெனவே சாப்பிடுவது என்ன என்று சொல்லுங்கள்.

குளோர்சாக்ஸசோன் பழைய மருந்து. சிறுநீரை ஆரஞ்சாகவோ செந்நிறமாகவோ மாற்றும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அரிதாக ஈரலைக் கெடுக்கும். கண் மஞ்சளானாலோ, பசியே இல்லாமல் குமட்டினாலோ, உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேக்லோஃபன் பக்கவாதத்துக்குப் பிறகு கைகால் விறைத்துப்போனவர்களுக்கும் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் மாதக்கணக்கில் கொடுக்கிற மருந்து. உங்கள் வீட்டில் அப்படி யாராவது சாப்பிட்டால், காசில்லை என்று ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்து உடம்பிலேயே தங்கிப்போகும். படிப்படியாகக் குறைப்பது டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

காரிசோப்ரோடால் பெர்கர் கொண்டுவந்ததுதான். ஈரலில் மெப்ரோபமேட்டாக மாறும், பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளும். 2007இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளியிட்ட புலனாய்வில், மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இதையும் டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலிமருந்தையும் ஒரே மாத்திரையில் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது அம்பலமானது. கானாவிலும் நைஜீரியாவிலும் இளைஞர்கள் அதற்கு அடிமையாகிக் கிடந்தார்கள். அதன் பிறகு இந்திய அரசு அந்தக் கலவையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. பிடிப்பு மாத்திரைதானே என்று லேசாக நினைக்காமல் இருக்க அங்கே நடந்ததை அறிவது நல்லது.

இவற்றோடு கலந்து வருகிற வலிமாத்திரைகள் வேறு: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால். முதல் இரண்டும் வெறும் வயிற்றில் புண்ணை உண்டாக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வேலை செய்கிற உடம்பில் சிறுநீரகத்தை அடிக்கும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அந்த அடி பலமாக விழும். பாராசிட்டமால் பிடிப்பு மாத்திரைக்குள்ளேயே 325 மில்லிகிராம் இருக்கும். அது தெரியாமல் காய்ச்சலுக்கு 650 தனியாக வாங்கிப் போடுகிறீர்கள். மறைந்து நிற்கிற அளவு இப்படிக் கூடிக்கூடி ஈரலுக்குப் பாரமாகும். மது குடிக்கிறவருக்கு ஈரல் முன்பே தளர்ந்திருக்கும்.

மதுவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சாயங்காலம் குடித்துவிட்டு இரவு இந்த மாத்திரையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து மூளையை அமுக்கும். மூச்சு மெதுவாகும். வாந்தி வந்தால் எழக்கூட முடியாத தூக்கம் வரும். நான் உபதேசம் செய்யவில்லை. குடிக்கிற நாளில் மாத்திரை வேண்டாம், மாத்திரை போடுகிற நாளில் குடி வேண்டாம்.

இத்தனை தொந்தரவைத் தாங்கிக்கொண்டால் பலன் எவ்வளவு? 2021இல் ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழ் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. 31 சோதனைகள், 6505 பேர். இடுப்பு வலிக்குத் தசை தளர்த்திகளைப் போட்டவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில், 100 புள்ளி அளவுகோலில் வலி 8 புள்ளிகூடக் குறையவில்லை. அந்தச் சிறிய பலனும் உறுதியில்லை என்றார்கள். தொந்தரவுகள் கூடியது மட்டும் தெரிந்தது. 2015இல் நியூயார்க்கில் அவசரப் பிரிவுக்கு இடுப்பு வலியோடு வந்த 323 பேரிடம் செய்த சோதனையில், வலிமாத்திரையோடு தசை தளர்த்தியைச் சேர்த்துக் கொடுத்தவர்களும் வலிமாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களும் ஒரு வாரம் கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள். திடீரென்று வருகிற இடுப்புப் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். மாத்திரை குணப்படுத்தியதாக நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் உடம்பு செய்த வேலை. இரவில் வலியால் புரளுகிறவருக்கு இரண்டு மூன்று நாள் தூங்கக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த இடம் மட்டும்தான் இந்த மாத்திரைக்கு நான் ஒப்புக்கொள்கிற இடம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதையும் தவிர்க்கவே சொல்வேன். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது கடினம்.

இந்தப் பிடிப்பு மாத்திரைகள் எல்லாம் டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துகள், அதுதான் சட்டம். ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று இறங்கிச் சோதனை போட்டது. பிடிப்பு மாத்திரைக்கும் அந்தக் கண்டிப்பு வர வேண்டும் என்பது என் விருப்பம். ‘நேத்து குடுத்தீங்களே, இன்னைக்கு என்ன சட்டம்’ என்று கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். இல்லை என்று சொல்கிற கடைக்காரர் உங்கள் பக்கம் நிற்கிறவர்.

ஆனால் மாத்திரையை மட்டும் பேசிவிட்டு மூட்டையைப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. கூலி வேலைக்கு வலியோடு போவது யாருக்கும் ஆசை இல்லை, ஒரு நாள் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. இந்த மட்டாஞ்சேரி அதை அறிந்த ஊர். துறைமுகத்தில் வேலை வேண்டும் என்றால் கங்காணி கூட்டத்துக்குள் வீசுகிற சாப்பா டோக்கனை அடித்துப் பிடித்துப் பொறுக்க வேண்டியிருந்த காலம் இருந்தது. அதை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ படத்தில் அந்தக் கதையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978இல் வந்தது. நல நிதி வாரியம் வந்தது. யாரும் சும்மா கொடுத்தவை அல்ல இவை.

மூட்டையின் எடையும் அப்படிக் கேட்டு வாங்க வேண்டியதே. வளர்ந்த ஆண் ஒருவர் தூக்குகிற சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. கேரளத்தில் நெடுங்காலம் 75 கிலோ என்றிருந்ததை 55 ஆகக் குறைக்க மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. கிடங்கில் மூட்டை மேல் எழுதியிருக்கிற எடையைப் பாருங்கள். அது 55 கிலோவைத் தாண்டினால் இரண்டு பேராகத் தூக்குங்கள், கைவண்டி கேளுங்கள், யூனியனில் பேசுங்கள். யூனியன் அட்டை இல்லாத வாத்துருத்தித் தம்பிமார்களுக்குத்தான் அதிக எடை தள்ளிவிடப்படுகிறது. அட்டை உள்ள அண்ணன்மார்கள் அவர்களுக்காகவும் பேசுங்கள். தோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாக நிற்கிற வண்ணார் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள்: துவைக்கிற தொட்டியின் விளிம்பு உயரமும் தேய்க்கிற மேசை உயரமும் நிற்பவரின் இடுப்புக்குத் தக்கபடி இருக்கிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். தாழ்ந்த மேசையில் நாளெல்லாம் குனிகிற முதுகுக்கு எந்த மாத்திரையும் ஈடாகாது.

பிடிப்பு வந்த அன்று சுமையை நிறுத்துங்கள், படுத்தே கிடக்காதீர்கள். மெதுவாக நடங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சாதாரணப் பிடிப்புக்கு அது போதும். ஆனால் சில அடையாளங்கள் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது: சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே மலமோ சிறுநீரோ போனாலோ, தொடை நடுவிலும் உட்காருகிற இடத்திலும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டாலோ. தண்டுவடத்தின் கீழ் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் அது, தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அங்கிருந்து எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அன்றைக்கே போங்கள். காய்ச்சலோடு வருகிற முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே வருகிற வலி, உயரத்திலிருந்து விழுந்த பிறகு வந்த வலி, இவற்றையும் கடையில் வந்து கேட்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

போகும்போது வீட்டிலிருக்கிற எல்லா அட்டைகளையும், பிரஷருக்கு, சர்க்கரைக்கு, வலிக்கு, யாரோ கொடுத்தது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாதி தீர்ந்த அட்டை என்றால் பெயரும் மருந்தளவும் உள்ள பக்கத்தை வெட்டி எறியாமல் வைத்திருங்கள். எந்த மாத்திரையோடு எது சேரக் கூடாது என்று டாக்டரோ நானோ பார்த்துச் சொல்ல அது வேண்டும்.

அன்புடன்,
மட்டாஞ்சேரியிலிருந்து உங்கள் மருந்துக்கடைத் தம்பி